கத்திரி வெயிலில் வயதான காவல் நாயைக் காப்பது எப்படி?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கோடை வந்துவிட்டால் நாம் எதைப் பற்றிப் பேசுவோம்? கோடை உழவு, மண் பரிசோதனை, மாட்டுக்குத் தீவனம், ஆட்டுக்குத் தண்ணீர், கோழிக்குத் தடுப்பூசி, இப்படித்தான் பேசுவோம். தோட்டத்து மூலையில் நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்துக்கிடக்கிற ஒரு ஜீவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரவெல்லாம் களத்தையும் கிடையையும் காத்துவிட்டு, பகலெல்லாம் வெயிலில் காய்கிற நாயைத்தான் சொல்கிறேன். அதிலும் எட்டு, பத்து வயது தாண்டிய நாய். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச்சு.

"நாய்க்கு ஒரு வானொலிப் பேச்சா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கிறவர்களை ஒன்று கேட்கிறேன். கடலைக் காட்டில் பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பது யார்? மோட்டார் கொட்டகையில் வயரை அறுக்க ஆள் வந்தால் உங்களை எழுப்புவது யார்? குட்டி போட்ட ஆட்டைச் சுற்றி நரி வட்டமிட்டால் குறுக்கே நிற்பது யார்? பத்து வருஷம் சம்பளமில்லாமல் வேலை பார்த்த ஆளுக்கு, கிழடு தட்டின பிறகு ஒரு கை நிழலும் ஒரு சட்டித் தண்ணீரும் கொடுப்பது பெரிய செலவு இல்லை. செய்கிற முறை தெரிந்தால் போதும்.

நம் மாநிலத்தில் மே மாதம் வந்துவிட்டால் அக்னி நட்சத்திரம். வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, மதுரை போன்ற இடங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது புதிதல்ல. நிழலில் அளக்கிற கணக்கு அது. வெட்டவெளியில், சிமெண்டுக் களத்தில், தகரக் கூரைக்கு அடியில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாய்க்கு வேர்க்காது

மனிதனுக்கு உடம்பு முழுவதும் வேர்க்கும். வேர்வை காற்றில் காயும்போது உடம்பு குளிரும். நாய்க்கு அந்த வசதி கிடையாது. பாதங்களில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். அது உடம்பைக் குளிர வைக்கப் போதாது. அதனால் வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, வேகமாக மூச்சு இரைக்கிறது. இதைத்தான் இளைப்பு என்கிறோம்.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் மேல் நீர் கசிந்து, காற்றில் ஆவியாகி, உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நாயின் நாக்கும் வாயும் மூக்குத் துவாரமும் அதற்கு மண்பானை மாதிரி. அங்கே இருக்கிற ஈரம் ஆவியாகும்போது ரத்தம் குளிர்கிறது.

இதிலிருந்து மூன்று விஷயம் விளங்கும். ஒன்று, நாய்க்குத் தண்ணீர் இல்லையென்றால் ஈரம் இல்லை. ஈரம் இல்லையென்றால் குளிர்ச்சி இல்லை. இரண்டு, காற்று ஓடாத இடத்தில் நாய் எவ்வளவு இளைத்தாலும் பயன் குறைவு. மூன்று, கடற்கரை ஓரத்து ஊர்களில் புழுக்கம் அதிகமான நாளில் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. அதனால் வெயில் குறைவாகத் தெரிந்தாலும் நாய்க்கு அது மோசமான நாள்தான்.

கிழ நாய்க்கு ஏன் கூடுதல் தொல்லை?

பெரிய உருவ நாய்கள் ஏழு, எட்டு வயதிலேயே கிழத்தன்மை காட்டும். சிறிய நாய்கள் பத்து வயது வரை தாக்குப்பிடிக்கும். முகவாயில் நரை, கண்ணில் நீலம் பூத்த மாதிரி ஒரு மங்கல், எழுந்திருக்க நேரம் எடுப்பது, கூப்பிட்டால் திரும்பாதது, இதெல்லாம் அடையாளம்.

வயதானால் நெஞ்சும் நுரையீரலும் பலம் குறைகின்றன. இளைப்பே ஒரு வேலைதான். அந்த வேலையைச் செய்யக் கிழ நாய்க்குத் தெம்பு போதாது. சிறுநீரகம் பழுதுபட்ட நாய் தண்ணீரை உடம்பில் பிடித்துவைக்க முடியாமல் நிறைய மூத்திரம் போகும். போன தண்ணீரை ஈடுகட்டாவிட்டால் உடம்பு வற்றிப்போகும்.

மூட்டுவலி இன்னொரு பெரிய காரணம். இளசு நாய் வெயில் சுட்டதும் எழுந்து வேறு நிழலுக்குப் போய்விடும். கிழ நாய்க்கு எழுந்திருப்பதே வேதனை. "இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கலாம்" என்கிற மாதிரி அங்கேயே கிடக்கும். நிழல் நகர்ந்து போய்விடும், நாய் வெயிலில் கிடக்கும். "சொரணை கெட்ட நாய், வெயில்லயே படுத்திருக்குது பாரு" என்று நாம் சொல்கிறோம். சொரணை கெடவில்லை ஐயா, கால்தான் கெட்டுப்போச்சு.

ராஜபாளையம் நாய் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் தலையில் இடம்பெற்ற பெருமை அந்த இனத்துக்கு உண்டு. வெள்ளை முடி, அடியில் இளஞ்சிவப்புத் தோல். அந்தத் தோல் வெயிலைத் தாங்காது. மூக்கு நுனியும் காது மடலும் வெயிலில் வெந்து, தோல் உரிந்து புண்ணாகும். கறுப்பு, செவலை நாய்களை விட இதற்கு நிழல் அதிகம் வேண்டும்.

நிழல்: எங்கே, எப்படி?

முதல் தேவை நிழல். நிழல் என்றால் காலை ஒன்பது மணிக்கு இருக்கிற நிழல் இல்லை. மதியம் இரண்டு மணிக்கும் இருக்கிற நிழல். ஒரு விடுமுறை நாளில் நீங்களே கவனித்துப் பாருங்கள். நாய் கட்டுகிற முளை இருக்கிற இடத்தில் எந்த மணிக்கு வெயில் விழுகிறது என்று பார்த்து, மதியம் பன்னிரண்டு முதல் மாலை நான்கு வரை வெயில் படாத இடத்துக்கு முளையை மாற்றுங்கள்.

மரத்தடி நிழல்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. புங்கமும் வேம்பும் கோடையிலும் இலை தாங்கி நிற்கும். மரமே ஈரத்தை வெளிவிடுவதால் அதன் அடியில் காற்றும் குளிர்ந்திருக்கும். மரம் இல்லாத மானாவாரிக் காடு என்றால் நான்கு குச்சி நட்டு, தென்னங்கீற்றோ பனையோலையோ போட்டு ஒரு சின்னப் பந்தல் போதும். நாலு பக்கமும் திறந்திருக்கணும். நாய் நிமிர்ந்து நின்றால் தலைக்கு மேல் இரண்டு முழமாவது இடைவெளி இருக்கணும்.

செய்யக் கூடாதது என்ன? தகரத்தை வளைத்துக் கூண்டு செய்து அதற்குள் நாயை விடக் கூடாது. அது அடுப்பு மாதிரி. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலும், ஜன்னல் இல்லாத மோட்டார் அறைக்குள்ளும் கட்டிப்போட்டுப் பூட்டிவிட்டு வரக் கூடாது. பிளாஸ்டிக் தார்ப்பாயைத் தரையோடு இறக்கிக் கட்டினால் நிழல் கிடைக்கும், காற்று கிடைக்காது. இப்போதைக்குத் தகரக் கூரையைத் தவிர வேறு வழியில்லை என்றால் அதன் மேல் ஓலையோ வைக்கோலோ பரப்பி, காலையும் மதியமும் தண்ணீர் தெளியுங்கள்.

படுக்கிற தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயில் குடித்த சிமெண்டுத் தரை இரவு வரை சூட்டைக் கக்கும். அதோடு கிழ நாயின் முழங்கை எலும்பு கடினத் தரையில் உராய்ந்து காய்ப்புப் பிடித்து, வெடித்துப் புண்ணாகும். பந்தலுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைப் பறித்து, ஆற்று மணலை நிரப்புங்கள். காலையில் ஒரு குடம் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டால் மதியம் வரை குளிர்ந்திருக்கும். நாய்க்கே இது தெரியும். அதனால்தான் பூச்செடிக்கு அடியில் ஈர மண்ணைப் பறித்துக்கொண்டு படுக்கிறது. நாம் அடிக்கிறோம். அதற்கென்று ஒரு குழியைக் கொடுத்துவிட்டால் செடியை விட்டுவிடும். பக்கத்திலேயே காய்ந்த வைக்கோல் திணித்த ஒரு சாக்கும் போட்டு வையுங்கள். ஈரம் வேண்டாத நேரத்தில் அதில் படுத்துக்கொள்ளும்.

சங்கிலியும் கிணறும்

சங்கிலி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பகலில் கட்டித்தான் ஆகணும் என்றால் இரும்புச் சங்கிலி வேண்டாம். வெயிலில் அது சுடும், கழுத்தைப் புண்ணாக்கும். நூல் கயிறு போதும். நிழலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போய்வரவும், தண்ணீர்ச் சட்டியை எட்டவும் கயிறு நீளமாக இருக்கணும். ஆனால் மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கயிறு குறுகிப்போகிற மாதிரி கட்டக் கூடாது. கயிறு சிக்கி, தண்ணீர் எட்டாமல் செத்துப்போகிற நாய்கள் உண்டு. காட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தன்னிடம் இருக்கிற பிராணிக்குப் போதிய உணவும் தண்ணீரும் இருப்பிடமும் கொடுக்காமல் இருப்பதும், குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வயதாகிவிட்டது என்று கண்மாய்க் கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதும் அதே சட்டப்படி குற்றம்தான்.

இன்னொரு ஆபத்து, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. கண் மங்கின நாய் தாகத்தில் தண்ணீர் வாடையைத் தேடிப் போய் உள்ளே விழும். கரை உயரமான சிமெண்டுத் தொட்டியில் இறங்கினாலும் ஏற முடியாது. கிணற்றைச் சுற்றி முள்ளாவது வெட்டிப் போடுங்கள். தொட்டியின் ஓரத்தில் இரண்டு கல்லைப் படியாகப் போட்டு வையுங்கள்.

தண்ணீர்: எவ்வளவு, எதில்?

சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் நாய்க்கு வேண்டும். 15 கிலோ நாய்க்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். கோடையில் அது இரண்டு மடங்கு கூட ஆகும். ஆகவே நாள் முழுவதும் தண்ணீர் இருக்கணும். "காலையில் ஊத்தினேன், குடிச்சிட்டுது" என்று விட்டுவிடக் கூடாது.

அலுமினியத் தட்டு வேண்டாம். வெயிலில் தண்ணீர் கொதிக்கும், கால் பட்டால் கவிழும். அகலமான மண்சட்டியையோ கல்தொட்டியையோ கழுத்தளவு மண்ணில் புதைத்து வையுங்கள். கவிழாது, தண்ணீரும் குளிர்ந்திருக்கும். ஒன்றை நாய் படுக்கிற இடத்திலும், இன்னொன்றைக் கொஞ்சம் தள்ளி நிழலிலும் வைக்கலாம். எழுந்து நடக்கச் சிரமப்படுகிற நாய், தண்ணீர் தூரமாக இருந்தால் தாகத்தோடு கிடக்குமே தவிரப் போகாது. கழுத்தைக் குனிய வலி இருந்தால் சட்டியை இரண்டு செங்கல் உயரத்தில் வைத்துப் பாருங்கள். தினம் ஒரு தடவை சட்டியைத் தேய்த்துக் கழுவி ஊற்றினால் பாசியும் பிடிக்காது, கொசுவும் முட்டையிடாது.

பூச்சிமருந்து வந்த டப்பாவை அறுத்துத் தண்ணீர் வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. எவ்வளவு கழுவினாலும் அது விஷப் பாத்திரம்தான். நாய்க்கு மட்டுமில்லை, கோழிக்கும் ஆகாது. அதே மாதிரி, மருந்து கலக்கின வாளியையும், யூரியா கரைத்த தொட்டியையும் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தாகத்தில் வருகிற பிராணிக்கு எது தண்ணீர், எது மருந்து என்று தெரியாது.

நாய் வழக்கத்துக்கு மேல் குடிக்கிறது, இரவெல்லாம் மூத்திரம் போகிறது என்றால் "குடிக்கிறதாலதானே போகுது" என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறிலோ சர்க்கரை நோயிலோ அப்படி ஆகும். பெட்டை நாயாக இருந்து, பருவத்துக்கு வந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் அதிகத் தாகமும், அடியில் சீழ் வடிதலும், சோர்வும் கண்டால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். கருத்தடை செய்யாத வயதான பெட்டைகளுக்கு இது வரும். உயிர் போகிற நோய். தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டணும்.

சாப்பாடும் வேலையும்

கோடையில் சாப்பாட்டு நேரத்தை மாற்றுங்கள். வெயில் ஏறும் முன் விடியலில் ஒரு வேளை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு வேளை. மதியம் வயிறு நிறையப் போட வேண்டாம். செரிக்கும்போதும் உடம்பில் சூடு பிறக்கும். கெட்டிச் சோற்றை விடக் குழைவான சோறு, கேழ்வரகுக் கூழ் நல்லது. தண்ணீரும் கூடவே உள்ளே போகும். பல் விழுந்த நாய்க்கும் அதுதான் எளிது. வாரத்தில் சில நாள் வேகவைத்த முட்டை, மீன், கறித் துண்டு ஏதாவது சேர்த்தால் சதை வற்றாது.

பால் பல நாய்களுக்கு, முக்கியமாக வயதான நாய்களுக்கு, வயிற்றுப்போக்கு உண்டாக்கும். உப்புப் போடாத நீர்மோர் கொஞ்சம் கொடுக்கலாம். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். வெங்காயம் கிடக்கிற குழம்புச் சோறு வேண்டாம். திராட்சைத் தோட்டக்காரர்கள் உதிர்ந்த பழத்தை நாய் தின்னாமல் பார்த்துக்கொள்ளணும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். மிச்சச் சோறு கோடையில் சீக்கிரம் புளித்துக் கெட்டுவிடும். அரை மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள்.

ஆடு மேய்க்கப் போகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் கிழ நாயைக் கூட்டிப் போக வேண்டாம். எஜமான் நடந்தால் அதுவும் நடக்கும், விழுகிற வரைக்கும் நடக்கும். அதன் விசுவாசமே அதற்கு எமன் ஆகிவிடும். தார் ரோட்டைத் தாண்ட வேண்டியிருந்தால் உங்கள் புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு வரை எண்ணிப் பாருங்கள். கை பொறுக்கவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. நாம் செருப்புப் போட்டிருக்கிறோம், அது வெறுங்காலோடு வருகிறது.

குளிப்பாட்டுவது காலை வேளையில் இருக்கட்டும். தினமும் சோப்புப் போட வேண்டாம். வெயில் நேரத்தில் பம்புசெட் வாய்க்காலில் வயிறு நனையும்படி பத்து நிமிஷம் நிற்க வைத்தாலே போதும். சடை நாய் என்றால் உதிர்ந்த முடியைச் சீப்பால் வாரி எடுங்கள். தோலோடு மழித்துவிட்டால் வெயில் நேராகத் தோலில் விழும்.

உண்ணி, ஈ, புழு

கோடையில் உண்ணி பெருகும். அது ரத்தத்தை உறிஞ்சுவதோடு காய்ச்சலையும் பரப்பும். ரத்தம் குறைந்த கிழ நாய் வெயிலைத் தாங்காது. காதுக்குள், விரலிடுக்கில், வால் அடியில் வாரம் ஒரு முறை பாருங்கள். ஆனால் பயிருக்கு அடிக்கிற மருந்தைக் கலந்து நாய் மேல் ஊற்றாதீர்கள். நாய் உடம்பை நக்கும். எச்சில் ஒழுகி, உடம்பு உதறி, சில மணி நேரத்தில் செத்துப்போகும். ஆட்டுக்கு வாங்கி வைத்த ஊசி மருந்தை அளவு தெரியாமல் போடுவதும் அப்படித்தான். பழைய என்ஜின் ஆயிலும் வேண்டாம். நாய்க்கென்று உள்ள உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, நாயின் எடைக்குத் தக்கபடி வாங்குங்கள்.

எழுந்திருக்க முடியாத நாயின் பின்பகுதியில் மூத்திரமும் மலமும் ஒட்டினால் ஈ மொய்த்து முட்டையிடும். ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஈரத் துணியால் தினம் துடைத்துவிடுங்கள். புழுப்புண்ணில் மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றாதீர்கள். புழுவோடு சதையும் வெந்துபோகும்.

வெப்பத்தாக்கு வந்தால்?

நாயின் சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம்மை விடக் கொஞ்சம் அதிகம்தான். 104-க்கு மேல் போனால் ஆபத்து. 106 டிகிரியை எட்டினால் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாம் பழுதாகத் தொடங்கும்.

அடையாளம் என்ன? நிழலுக்கு வந்த பிறகும் இளைப்பு அடங்காது. நாக்கும் ஈறும் அடர் சிவப்பாக இருக்கும். எச்சில் பிசுபிசுப்பாக ஒழுகும். பிறகு தள்ளாடும், வாந்தி எடுக்கும், கூப்பிட்டால் கவனிக்காது, விழுந்து இழுக்கும். உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்க்கத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது வழக்கம். கிழ நாய்க்குத் தோல் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் அதை நம்ப முடியாது. ஈறைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக வழுக்கணும். ஒட்டினால் தண்ணீர் போதவில்லை. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் வரணும். கடிக்காத, பழகிய நாயிடம் மட்டும் இதைச் செய்யுங்கள்.

இந்த நிலையில் நாயைக் கண்டால் ஒன்றை மனதில் வையுங்கள்: முதலில் குளிர வைக்கணும், அப்புறம்தான் வண்டியில் ஏற்றணும். நிழலுக்குத் தூக்கிப் போங்கள். குடம் குடமாகத் தண்ணீரை உடம்பு முழுவதும் ஊற்றுங்கள். வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனையட்டும். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதுவும் சரி. ஐஸ் தேடி அலைந்து நேரத்தைப் போக்க வேண்டாம். ஊற்றிக்கொண்டே முறத்தாலோ அட்டையாலோ விசிறுங்கள். மின்விசிறி இருந்தால் இன்னும் நல்லது. முன்பே சொன்னேனே மண்பானை, அதேதான் இங்கேயும். ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் சூடு இறங்கும்.

ஈரச் சாக்கைப் போர்த்திவிடுவது நம் பக்கத்து வழக்கம். இது வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சாக்கே சூடாகிப் போர்வை மாதிரி உள்ளே இருக்கிற சூட்டை அடைத்துவிடும். நினைவோடு இருந்தால் தானாக நக்கிக் குடிக்கத் தண்ணீர் வையுங்கள். நினைவில்லாத நாயின் வாயைப் பிளந்து ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். மனிதருக்குக் கொடுக்கிற காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் இல்லை, மாத்திரையில் இறங்காது. அந்த மாத்திரைகளே நாய்க்கு விஷமாகலாம்.

இளைப்பு அடங்கி, நாய் சுற்றிலும் பார்க்க ஆரம்பித்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தலாம். வெப்பமானி இருந்தால் 103 டிகிரிக்கு வந்ததும் நிறுத்துங்கள். பிறகு தேறிவிட்டது என்று விட்டுவிடாமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். உள்ளே நேர்ந்த பழுது இரண்டு மூன்று நாள் கழித்துக் கூடத் தெரியும். மூத்திரம் கறுத்துப் போவதும், ரத்தமாகக் கழிவதும் அதன் அறிகுறி. போக வழியில்லை என்றால் கால்நடை அவசர ஊர்திக்கான 1962 என்ற எண்ணில் பேசி யோசனை கேளுங்கள்.

வெறிநாய் என்று அடித்துவிடாதீர்கள்

இதுதான் இன்றைக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம். மானாவாரிக் கிராமம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம், மதியம் இரண்டு மணி. கிடை நாய் ஒன்று தள்ளாடிக்கொண்டு, வாயில் நுரை தள்ள ஊருக்குள் வந்தது. பிள்ளைகள் "வெறிநாய், வெறிநாய்" என்று கத்த, நாலைந்து பேர் கம்போடு ஓடி வந்துவிட்டார்கள். ஒரு வயதான அம்மாள் குறுக்கே வந்து, "ஏய், நில்லுங்கப்பா. இது நம்ம கீதாரி நாய். போன மாசம்தான் ஊசி போட்டாங்க. தண்ணிக்குத் தவிச்சு வருது" என்று சொல்லி, எட்டி நின்றபடியே குடத்துத் தண்ணீரை அதன் மேல் வீசி ஊற்றினார். நாய் நிழலில் சரிந்து படுத்தது. மறுபடியும் மறுபடியும் ஊற்றினார்கள். பொழுது சாயும்போது நாய் எழுந்து தண்ணீர் குடித்தது. இரண்டு நிமிஷம் பிந்தியிருந்தால் பதினோரு வருஷம் கிடை காத்த நாயை அடித்துக் குழியில் போட்டிருப்பார்கள்.

அந்த அம்மாளின் தைரியத்துக்குக் காரணம் என்ன? ஊசி போட்டது அவருக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், வருஷத்துக்கு ஒரு முறை வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். போட்ட தேதியை அட்டையில் எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள். கழுத்தில் ஒரு பட்டை கட்டுங்கள். அது யார் வீட்டு நாய் என்று ஊருக்குத் தெரியணும். நாய்க்கு உயிர்க் காப்பும், உங்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் ஒரே ஊசியில் கிடைக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எச்சில் ஒழுகுவதும் தள்ளாடுவதும் வெறிநோயிலும் உண்டு. ஊசி போட்டதா என்று தெரியாத நாய் என்றால் கிட்டே போகாதீர்கள். வாயருகே கை கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, தூரத்திலிருந்து தண்ணீரை வீசுங்கள். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். யாரையாவது கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளணும். மந்திரம், பச்சிலை என்று காத்திருக்கக் கூடாது. அந்த நோய் வெளிப்பட்ட பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது.

செலவுக் கணக்கு

மொத்தத்தில் என்ன செலவு என்று பார்ப்போம். நாலு குச்சி, பத்து கீற்று, ஒரு வண்டி மணலில் ஒரு மூலை, இரண்டு மண்சட்டி, ஒரு பழைய சாக்கு. பாதிக்கு மேல் தோட்டத்திலேயே கிடக்கிறது. வேலை ஒரு பொழுதுக்கு மேல் இல்லை. அதற்கப்புறம் தினம் காலையில் ஒரு குடம் தண்ணீர், மதியம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பது, பொழுது சாய்ந்ததும் ஒரு கை சோறு. வெயில் இறங்கிய பின் பக்கத்தில் உட்கார்ந்து காதையும் பாதத்தையும் தடவிப் பார்த்தால், உண்ணியும் தெரியும், புண்ணும் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பந்தல் வேலையை முடித்துவிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்சட்டியைப் புதைக்கிற வேலையை அவர்களே செய்துவிடுவார்கள். நாய்க்குத் தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படையுங்கள்.